இடது கன்னத்துக்கு எட்டாத விளக்கு

எனக்கு வயது எண்பத்து மூன்று. பெற்றது நான்கு, என் தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. ஆறும் ஒழுங்காகத் தலையெடுத்தன. ஒன்றும் என்னிடம் கைநீட்டி நிற்கவில்லை, நானும் ஒருவரிடமும் கைநீட்டி நிற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

விளக்குக் கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்களே, உங்கள் முதலாளி என்னிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, "பாட்டி, உங்க காலத்து அனுபவத்தை எழுதிக் கொடுங்க, நம்ம பொண்ணுங்க படிக்கட்டும்" என்றார். நான் படித்தது கோவில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும். ஞானோபதேசமும் கொஞ்சம் எழுத்தும். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. அவசரம் யாருக்கு? எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. சாந்தோம் கடற்கரைப் பக்கம் குடியிருந்தோம். திருவல்லிக்கேணியில் ஒரு பாய் விளக்குக் கடை வைத்திருந்தார். அங்கே சிம்னிக் கண்ணாடி துடைக்கிற வேலைக்குப் போனேன். சாம்பலும் பழைய துணியும் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நூறு கண்ணாடி துடைப்பேன். ஒன்றுகூட உடைத்ததில்லை. இதுவும் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பாய் கடைக்குப் பெரிய பெரிய முஸ்லிம் வீடுகளில் இருந்து வேலை வரும். அங்கெல்லாம் பெண்கள் கோஷா. வெளி ஆண்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஹாலில் விளக்கு மாட்ட ஆட்கள் போகலாம். பெண்கள் புழங்குகிற உள்கட்டில் எந்தச் சுவரில், எந்த உயரத்தில் மாட்டுவது என்று யார் பார்ப்பது? குத்துமதிப்பாக மாட்டிவிட்டு வருவார்கள். மறுநாள் ஆள் வரும், அது சரியில்லை, கழற்று என்று. சுண்ணாம்புச் சுவரில் ஓட்டை ஓட்டையாக நிற்கும். ஒருநாள் பாய் என்னைக் கூப்பிட்டு, "நீ உள்ளே போ. அவங்ககூடப் பேசு. எடத்தைக் கரிக்கட்டையால குறிச்சுட்டு வா. அப்புறம் அவங்க வேற ரூமுக்குப் போனதும் நம்ம ஆளுங்க போய் மாட்டிருவாங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் வேலை. கடையில் என் பெயரே 'மார்க் அம்மா' ஆகிவிட்டது.

முதல் வீட்டிலேயே தப்பு செய்தேன். இடம் குறிக்கச் சொன்னார்கள் அல்லவா, நான் பிறந்து வளர்ந்த பழக்கத்தில் சுவரில் சிலுவை மாதிரி இரண்டு கோடு போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து இடத்தில். அந்த வீட்டுப் பெரியம்மா ஊஞ்சலில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்து, கடைசியில் கேட்டார்: "அரே, விளக்கு மாட்ட வந்தியா, எங்க வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானம் பண்ண வந்தியா?" உள்கட்டே சிரித்தது. நான் ஈரத்துணியை எடுத்து அத்தனையையும் அழித்துவிட்டு வட்டம் போட்டேன். அதன் பிறகு முப்பது வருஷம் வட்டம்தான்.

வேலை கற்றுக்கொடுத்தவர் மாட்டுகிற ஆட்களின் மேஸ்திரி. எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர். அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தார். "நின்னுகினு குறிக்காதம்மா. யாருக்கு விளக்கோ, அவங்க குந்துற எடத்துல போய்க் குந்து. ஊசில நூலைக் கோத்துப் பாரு. அப்பால குறி." இதைவிடப் பெரிய பாடம் இந்தத் தொழிலில் இன்னும் வரவில்லை. கட்டிலில் படுப்பவருக்கு விளக்கு என்றால் கட்டிலில் படுத்துப் பார்ப்பேன். தொழுகிறவர்களுக்கு என்றால் பாய் விரிக்கிற இடத்தில் மண்டியிட்டுப் பார்ப்பேன்.

இன்னொன்றும் அவரிடம்தான் கேட்டேன். நம் வீடுகளில் முன்னே மாடவிளக்குதான். சுவரில் குழி, அதில் அகல். பிறகு தகரத் தகடு முதுகில் வைத்த கிருஷ்ணாயில் விளக்கு வந்தது, நாம் சுவர் விளக்கு என்றோம். உருதுக்கார வீடுகளில் அதற்கு தீவார்கீர் என்று பெயர், சுவரைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று அர்த்தம். வெள்ளைக்காரர் பங்களாவுக்குச் சாமான் அனுப்பும்போது மட்டும் கடையில் பெட்டிமேல் ஸ்கான்ஸ் என்று எழுதுவார்கள். இப்போது நீங்களும் அப்படித்தான் சொல்கிறீர்கள். அது என்ன பெயர் என்று மேஸ்திரியைக் கேட்டேன். அவர் பங்குச் சாமியாரிடம் கேட்டு வந்து சொன்னார். "லத்தீன்ல ஒளிச்சு வச்சதுன்னு அர்த்தமாம்மா. மடத்துச் சாமியாருங்க ராவுல ஜெபத்துக்குப் போவ சொல்ல, தூங்கறவன் கண்ணுல அடிக்கக்கூடாதுன்னு தடுப்பு வச்ச கைவிளக்கு எடுத்துகினு போவாங்களாம். பின்னாடி அது சுவத்துல ஏறிச்சு. பேரும் கூடவே ஏறிச்சு." எவ்வளவு மரியாதையான பெயர் என்று அப்போது நினைத்தேன். அடுத்தவன் தூக்கம் கெடக்கூடாது என்று மறைத்த விளக்கு.

நான் மறைத்தது வேறு. அதைச் சொல்லத்தான் பென்சிலை எடுத்தேன்.

மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டை ஒட்டின சந்தில், தோல் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மா ஆள் அனுப்பினார். உள்கட்டில் பெரிய அறை ஒன்றுக்கு இரண்டு தீவார்கீர் வேண்டும், நாலு நாளைக்குள் வேண்டும் என்று. நான் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஃரிப் தொழுகை முடிஞ்சதும் மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க வர்றாங்க, என் பேட்டியை, என் பொண்ணைப் பார்க்க" என்றார். "இது மூணாவது எடம். முன்னாடி ரெண்டு வாட்டி வந்தவங்க ஷர்பத்தைக்கூடத் தொடாம எழுந்து போனாங்க. இவளுக்குப் பின்னாடி இன்னொருத்தி இருக்கா."

பெண்ணின் பெயர் ஜைனபு. பதினெட்டு வயது. சின்ன வயதில் அம்மை போட்டதில் இடது கன்னம் முழுக்கத் தழும்பு, இடது கண்ணில் சின்னதாகப் பூ விழுந்திருந்தது. வலது பக்கம் துளி குற்றமில்லை. இரண்டு பேரை நடுவில் வெட்டி ஒட்டினது போல இருந்தது அந்த முகம்.

"இந்தப் பக்கம் மட்டும் தெரியற மாதிரி விளக்கு வை" என்று அந்த அம்மா சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். "நீ நெனச்சா முடியும்னு பாய் சொன்னாரு."

பாய் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முடியுமா என்று பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அதை இன்றைக்கு ஒளிக்க மாட்டேன். அந்தத் தாயின் கண்ணீருக்காக மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய்.

பெண் உட்காரப்போகிற ஜமக்காளத்தில் நான் உட்கார்ந்தேன். வருகிறவர்கள் உட்காரப்போகிற திண்டிலும் போய் உட்கார்ந்தேன். வலது சுவரில், உட்கார்ந்தவள் காது உயரத்தில், கொஞ்சம் முன்னால் ஒரு விளக்கு. வலது கன்னம் பொன்னாக இருக்கும். ஒரு பக்கம் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் மறு பக்கத்தைக் கண் தேடாது. ஆனால் இடது சுவர் வெள்ளை. அதில் பட்டு வெளிச்சம் திரும்பி வந்து தழும்பைத் தொட்டுவிடும். அதனால் இடது சுவர் முழுக்கக் கரும்பச்சைத் திரை தொங்கவிட வேண்டும். இரண்டாவது விளக்கு வாசல் பக்கம், பேருக்கு. இதெல்லாம் எனக்கு ஒரு நாழிகைக்குள் தோன்றிவிட்டது. திரைத் துணி எடுத்துவர அந்த அம்மா வெளியே போனார்.

ஜைனபு அதுவரை மூலையில் பேசாமல் இருந்தவள், எழுந்து என் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, வட்டத்தை அந்தச் சுவத்துல போடுங்க" என்று இடது பக்கத்தைக் காட்டினாள்.

"ஏம்மா?"

"பார்க்கட்டும். பார்த்துட்டு வேணாம்னா எழுந்து போகட்டும். ரெண்டு வாட்டி போனாங்க, நான் செத்தா போயிட்டேன்? மூணாவது வாட்டியும் சாக மாட்டேன். ஆனா ஏமாத்திக் கட்டிக்கிட்டு வந்தாங்கன்னு ஒரு பேச்சு வந்தா, அது என்னைப் பெத்த அம்மி தலையில விழாது அக்கா. அந்த வீட்டுல இருக்கப்போறது நான்."

அவள் என் கையில் இருந்த கரிக்கட்டையை வாங்கி, தானே போய் இடது சுவரில் ஒரு வட்டம் போட்டாள். கோணல் வட்டம். அவளுக்குப் பழக்கமில்லை அல்லவா.

வெளியே அந்த அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. முற்றத்தில் மேஸ்திரியும் ஆட்களும் ஏணியோடு காத்திருந்தார்கள். அந்த அம்மா சொன்னதைச் செய்யவில்லை என்றால் அந்த வீட்டோடு போகாது, நாலு வீட்டுக்குப் பேச்சு போகும், பாய் மறுபடி என்னைச் சாம்பலும் துணியும் எடுக்கச் சொல்வார், வீட்டில் ஆறு வயிறு. இத்தனையும் நினைத்தேன். ஈரத்துணியை எடுத்து அவள் போட்ட வட்டத்தை அழித்தேன். வலது சுவரில் என் வட்டத்தைப் போட்டேன். நல்ல உருண்டையான வட்டம்.

ஜைனபு அழவில்லை. "உங்களுக்கும் பயமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

பெண்கள் வேறு அறைக்குப் போனதும் மேஸ்திரி உள்ளே வந்தார். வழக்கம்போல ஜமக்காளத்தில் குந்திப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? இந்தப் பக்கம் ஒரே இருட்டா கீதே."

"அங்க திரை வருது மேஸ்திரி. பார்க்க அழகா இருக்கும்."

"யாரு குந்தப் போறாங்க?"

"பொண்ணு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து உளியை எடுத்து, என் வட்டத்தின் நடுவில் வைத்து அடித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள், திரியைப் பார்த்துக்கொள்ள. தொழுகை முடிந்து அரை மணிக்குள் மாப்பிள்ளையின் தாயார் வந்தார், கூட நாலைந்து பெண்கள். பேச்சிலும் நடையிலும் கண்டிப்பான மனுஷி. நான் சொன்ன திண்டில்தான் உட்கார்ந்தார். ஜைனபு நான் சொன்ன ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். முக்காட்டை எடுத்தார்கள். வலது கன்னத்தில் வெளிச்சம் பாலாடை மாதிரி படிந்திருந்தது. மற்றது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. சுவரோரமாக நின்றிருந்த எனக்கு, கடவுள் மன்னிக்கட்டும், நெஞ்சு நிமிர்ந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் மாமியார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, "விளக்கைக் கொஞ்சம் ஏத்தும்மா" என்றார்.

"ஏத்தினா புகை வரும்மா. சிம்னி வெடிச்சிடும்" என்றேன். வராது. இன்னும் அரைத் திருகு தாராளமாக ஏற்றலாம்.

அப்போது ஜைனபு தன் தாயைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அம்மி, இங்க அனல் அடிக்குது. அந்த வாசல் பக்கம் போய் உட்காரட்டுமா?"

வாசல் பக்கம் போனால் இடது கன்னம் இரண்டாவது விளக்குக்கு நேராக வந்துவிடும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஜைனபு தரையில் கை ஊன்றி எழுந்துவிட்டாள்.

நான்தான் முன்னால் போனேன். "அனல்தானேம்மா, இதோ கொறைச்சுட்டேன்" என்று சொல்லித் திரியை இறக்கினேன். அவள் எழுந்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. மாமியார் சிரித்துக்கொண்டே, "உட்காரு பேட்டி, சரியாயிடுச்சு பாரு" என்றார். அவள் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மறு மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு தியாகராய நகரில். அப்போதுதான் அங்கே மனை மனையாக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. புது வீடு, கரண்ட் வெளிச்சம். அறையின் நடு உச்சியில் பல்பு தொங்கும், அதற்கு வலதும் இல்லை, இடதும் இல்லை.

ஒன்றரை வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. விசாரிக்கவும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வரவில்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் பாய், "தி. நகர்ல ஒரு வீடு, உள்கட்டுச் சுவத்துல கரண்டு பிராக்கெட் விளக்கு போடணும், போய்க் குறிச்சுட்டு வா" என்று விலாசம் கொடுத்தார். வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

மாமியாருக்கு என் முகம் நினைவில்லை. அறைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். ஒரு அறை வந்ததும் நின்றார். "இது என் மருமக ரூம். இதுல ரெண்டு பக்கமும் போடு. எதிர்ச் சுவத்துலயும் போடு. கட்டிலுக்கு மேல ஒண்ணு. ஒரு மூலை இருட்டா இருக்கக்கூடாது."

ஜைனபு தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டுகொண்டாள். கை ஒரு விநாடி நின்று மறுபடி மடித்தது.

"அம்மி, அடுப்புல இருக்கற பால் திரிஞ்சு போச்சு" என்றாள் மாமியாரிடம். மாமியார் தன் பக்கத்தில் நின்ற சின்ன மகளுக்குக் கண்ணைக் காட்டினார். அந்தப் பெண் போய்ப் பாலை மோந்து பார்த்துவிட்டு வந்து, "ஆமாம்மா, திரிஞ்சுதான் போச்சு" என்றாள். அப்புறம்தான் மாமியார், "சரி, கீழே கொட்டு" என்றார். யாரும் கோபப்படவில்லை. தினமும் நடக்கிற காரியம் போல நடந்தது.

வராந்தாவில் வைத்து அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். "தழும்புக்காக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்க வீட்டுலயும்தான் அம்மை போட்டிருக்கு, என் சின்ன மகளைப் பார்த்தியா, கழுத்தெல்லாம். ஆனா விளக்கு வச்சு ஏமாத்தி வந்தவ இவ. தலைவலின்னு சொன்னா நெஜமான்னு தோணுது. அழுதா எதுக்கு அழறான்னு தோணுது. என் மகன் வீட்டுல சாப்பிடுறான், பேசறதில்லை. நான் கெட்டவ இல்லை. எனக்கு முடியலை."

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. வராந்தாவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். திரும்பி அந்த அறைக்குப் போய் நாலு சுவரிலும் நாலு வட்டம் போட்டேன்.

ஜைனபு மடித்த துணியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இப்ப நல்லாத் தெரியும் இல்ல அக்கா?"

கடைக்குத் திரும்பவில்லை. நேரே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். அவர் சுண்ணாம்புத் தூசியில் நெஞ்சு கட்டி, வேலைக்கு வராமல் ஒரு மாதமாகப் படுத்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்த எடத்துல குந்தினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சும்மா" என்றார். "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொல்லல. நானும் ஒரு கேள்வியோட நிறுத்திக்கினேன். உளி என் கையில இருந்திச்சு. ரெண்டு பேருந்தான் செஞ்சோம்."

"இப்ப இன்னா பண்றது மேஸ்திரி?"

"போய்ச் சொல்லு."

"நம்புவாங்களா?"

அவருக்கு இருமல் வந்துவிட்டது. அடங்கினதும், "நம்பமாட்டாங்க போல கீது. நம்பினாலும் நம்பாட்டியும் போ" என்றார். "நான் எழுந்திருக்க முடிஞ்சா கூட வருவேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. நானும் உடனே போகவில்லை. நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் பிள்ளைகளை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடந்தே தி. நகர் போனேன்.

மாமியார் ஊஞ்சலில் இருந்தார். புது பிராக்கெட்டுகள் மாட்டியாகிவிட்டது. பகலிலும் எரிந்துகொண்டிருந்தன, சரிபார்க்கிறார்கள் போல. நான் நின்றபடியே சொன்னேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கு விளக்கு வைத்தவள் நான். உங்கள் மருமகள் இடது பக்கம் வைக்கச் சொன்னாள், தானே வட்டம் போட்டாள், நான் அழித்தேன். எழுந்து வாசல் விளக்குக்குப் போகப் பார்த்தாள், நான் திரியை இறக்கித் தடுத்தேன். அவள் யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றினது நானும் அவள் தாயும்.

அந்த அம்மாள் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீதானா அந்த விளக்குக்காரி?"

"ஆமாம்மா."

"யார் அனுப்பினாங்க உன்னை? அவ அம்மாவா?"

"யாரும் அனுப்பலைம்மா. என் புள்ளைங்க மேல சத்தியம்."

"நான் ஏத்தச் சொன்னேன். புகை வரும்னு சொன்னே. நெனப்பு இருக்கா?" அவர் குரல் உயரவில்லை. "இப்ப சத்தியம் பண்ணினியே, அதே குரல்லதான் சொன்னே."

அதே குரல்தான் என்று எனக்கும் கேட்டது.

ஜைனபு உள்ளேயிருந்து வந்து கதவருகில் நின்றாள். "அம்மி, அவங்க சொல்றது நெஜம்" என்றாள்.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சின்ன மகளைப் பார்த்தார். பாலை மோந்து பார்த்துவிட்டு வந்தாளே, அந்தப் பெண்ணை. அந்தப் பெண் என்ன சொல்வாள் பாவம், தலையைக் குனிந்துகொண்டாள். இதற்குப் போய் மோந்து பார்க்க ஒன்றுமில்லையே.

பிறகு மாமியார், "தண்ணி குடிச்சுட்டுப் போ" என்றார். ஜைனபு சொம்பு கொண்டுவந்தாள். நடைவரைக்கும் என்னோடு வந்தாள். எனக்கு அவள் காலில் விழ வேண்டும் போல இருந்தது. அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

"இனிமே வராதீங்க அக்கா" என்றாள். "கோபம் இல்லை. நீங்க வந்துட்டுப் போனா நாலு நாளைக்குக் கேப்பாங்க, எப்படி வரவழைச்சே, எதுக்கு வரவழைச்சேன்னு. எனக்குப் பதில் சொல்லி அலுத்துப் போச்சு."

நான் பிறகு போகவில்லை. அவளை மறுபடி பார்க்கவும் இல்லை. பேச்சு பரவித்தான் போயிற்று. கோஷா வீடுகளில் இருந்து என்னைக் கூப்பிடுவது ஒரு வருஷத்துக்கு நின்றது. பாய் வெளியே அனுப்பவில்லை, சிம்னி துடைத்தேன். அந்த வருஷம் இரண்டு கண்ணாடி உடைத்தேன். மேஸ்திரி அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார். போய்ச் சொன்னேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்ல முடிந்தது. என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை.

பெண்களே, உங்களிடமும் வந்து கேட்பார்கள். இந்த விரிசல் தெரியக்கூடாது, அந்தத் தூண் தெரியக்கூடாது என்பார்கள். செய்து கொடுங்கள், சுவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு ஆளை மறைக்கச் சொன்னால், யார் காசு கொடுக்கிறார்களோ அவர்களிடம் மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். அந்த வெளிச்சத்தில் உட்காரப்போகிறவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவள் சொன்ன பிறகு பென்சிலை எடுங்கள். நான் கேட்காமல் இல்லை. கேட்ட பிறகு அழித்தேன். அதனால்தான் இத்தனை வருஷம் போயும் ஆறவில்லை.

கடைசிப் பேரன் ஸ்டீபன் இப்போதுதான் காலேஜ் விட்டு வந்திருக்கிறான். டேய், சட்டையை அப்புறம் மாத்தலாம், இங்கே வந்து உட்காரு. இதைச் சத்தமாகப் படி. எழுத்துப் பிழையை விடு, அதை முதலாளி பார்த்துக்கொள்வார். நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொண்ட இடம் ஏதாவது இருந்தால் நிறுத்திச் சொல்லு. திரியை இறக்கின இடம் வரும்போது வேகமாகத் தாண்டிப் போகாதே, அதை மெதுவாகப் படி.